தாடையும் எலும்புதான்

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் எங்கள் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் பொருள்களில் கால்சியம் மாத்திரைக்குத் தனி இடம் உண்டு. இடுப்பு வலித்தாலும் கால்சியம், முட்டி பிடித்தாலும் கால்சியம், பல் ஆடினாலும் கால்சியம். "பல்லு ஆட்டம் குடுக்குதும்மா, கால்சியம் ஒரு அட்டை குடு" என்று, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும் ஆயா ஒருவர் கூடையை இறக்கி வைத்தபடியே கேட்பார். எலும்புக்கும் பல்லுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் அந்த உறவு அவர் நினைக்கிற வழியில் ஓடவில்லை. எலும்புக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டாமலே இருந்துவிடுகிறவர்களை நான் தொடர்ந்து பார்ப்பதால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில், பல் எலும்பு அல்ல. உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறோம். எலும்பு உயிருள்ளது; பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன, வளர்ந்த மனிதரின் எலும்புக்கூடு ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் இப்படி முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. பல்லின் மேலுள்ள எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பல் முளைத்த பிறகு அதில் உயிருள்ள செல்லே கிடையாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், பல்லிலிருந்து எடுக்க அதற்கு வழியில்லை. "புள்ள வயித்துல இருந்தப்போ என் பல்லுல இருந்த சத்தெல்லாம் அதுக்குப் போயிருச்சு" என்று, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் பலர் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். வாந்தியோடு மேலே வரும் அமிலம் எனாமலைக் கரைக்கும். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்று பல் துலக்குவதும் குறைந்துவிடும். பல் கெடுவதற்கு இவையே போதும். பிள்ளையின் மேல் பழி போட வேண்டியதில்லை.

உறவு இருப்பது தாடையில். பல்லின் வேரைச் சுற்றிப் பிடித்திருக்கும் எலும்பு விளிம்பு பல்லுக்காகவே உருவாகிறது. பல் இருக்கும்வரை, மெல்லும்போது அதன்மேல் விழும் அழுத்தத்தால் அது நிலைத்திருக்கிறது. பல் போனதும் அதற்கு வேலை இல்லாமல் போய்க் கரையத் தொடங்குகிறது. பல் பிடுங்கிய இடத்தில் விளிம்பின் அகலம் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும், அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடும். பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. மேல் செட்டு ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருக்க, கீழ் செட்டு மட்டும் பேசும்போதே நழுவுவது இதனால்தான். எங்கள் பகுதியில் வயதானவர்கள் பலருடைய கீழ் செட்டு வாயில் இருப்பதைவிடச் சுருக்குப்பையில் இருக்கும் நேரமே அதிகம். பல்செட் பசை கேட்டு வருகிறவர்களிடம், செட்டு கட்டி எத்தனை வருடமாயிற்று என்று கேட்பது என் வழக்கம். என்றோ இருந்த தாடைக்கு அளவெடுத்த செட்டை இன்றைய தாடையில் உட்கார வைக்கப் பசையால் ஆகாது, மறுபடி அளவெடுத்தாக வேண்டும்.

இனி, ஆடும் பல்லுக்கு வருவோம். வயதானவர்களின் பல் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஈறு நோய். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்குப் படலத்தில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. நாளடைவில் அந்தப் படலம் கல்லாக இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து, வீங்கி, துலக்கும்போது ரத்தம் வருகிறது. பலரும் அறியாதது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். பாக்டீரியாவை எதிர்த்து உடம்பு தொடுக்கும் போரில் சுரக்கும் வேதிப்பொருள்களே எலும்பை அரிக்கும் செல்களை உசுப்பிவிடுகின்றன, எலும்பு பாக்டீரியாவுக்கு விட்டுக்கொடுத்துப் பின்வாங்கிக்கொண்டே போகிறது, வேருக்குப் பிடிமானம் குறைகிறது. அந்த நிலையில் கால்சியம் மாத்திரை சாப்பிடுவது, அலை மணலை அரித்துக்கொண்டு போகும் கரையில் ஊன்றிய கழிக்கு வர்ணம் அடிப்பதைப் போன்றது. மீன்காரர் ஆயாவிடம் நான் இதைத்தான் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, "அப்போ மணல இன்னா பண்றது?" என்று கேட்டார். செய்ய வேண்டியது சுத்தம்தான்: காரையை எடுத்துவிட்டு, ஈறுக்குக் கீழே வேரையும் சுத்தம் செய்வது. கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று ஊரே நம்புகிறது. பிடிமானம் போன பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்த காரை நீங்கியதும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அந்தப் பயத்தாலேயே காரையோடு காலம் தள்ளி, பற்களை முழுவதுமாக இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

உடம்பின் மற்ற எலும்புகளுக்கு இதில் என்ன பங்கு? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பை அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது. முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 விழுக்காடு வரை குறைந்துவிடக்கூடும். மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மூட்டுத் தேய்மானம் வலித்துத் தன்னைத் தெரிவித்துக்கொள்ளும், எலும்பின் அடர்த்தி குறைவது எலும்பு முறியும்வரை தெரியாது. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த பிறகோ, கூன் விழத் தொடங்கிய பிறகோதான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அதில், இளவயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. எலும்புப்புரை உள்ள பெண்களுக்கு ஈறு விலகலும் பல் இழப்பும் அதிகம் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எலும்புப்புரை ஈறு நோயைப் பெற்றெடுக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். வயது, புகையிலை, சர்க்கரை நோய், சத்துக்குறைவு என இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் நிறைய உண்டு. ஏற்கெனவே அடர்த்தி குறைந்த தாடையில் ஈறு நோயும் வந்து சேர்ந்தால் சேதம் விரைவில் தெரியும் என்று கொள்வது பொருந்தும்.

பல் மருத்துவர்கள் இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் சொல்லும் ஓபிஜி எக்ஸ்ரேயில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்தப் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், கீழ்த்தாடையின் அடிவிளிம்பு நெடுக வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவது தெரியும். அது தாடையின் கெட்டியான வெளிச்சுவர். முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, நரம்பு வெளிவரும் துளையின் நேரில் அந்தச் சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலோ, அதன் உள்விளிம்பு சீராக இல்லாமல் அரித்தாற்போல் இருந்தாலோ, அந்தப் பெண்ணுக்கு எலும்பு அடர்த்திச் சோதனை தேவைப்படலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. இதை வைத்தே நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் டெக்ஸா என்ற பெயரையே கேட்டிராத ஒருவர் பல்செட் கட்டுவதற்காக எடுத்த படத்தில் இந்தத் தகவல் சும்மா கிடைக்கிறது, கவனித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது மருந்துகளைப் பற்றி. எலும்புப்புரைக்கு எங்கள் கடையில் அதிகம் போவது அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம். வாரம் ஒன்று வீதம் அட்டையில் நான்கே மாத்திரைகள் இருக்கும். காலையில் எழுந்ததும் காபிக்கு முன், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. மெல்லவோ சப்பவோ கூடாது. வாயில் வைத்துக் கரைய விட்டவர்களுக்கு நாக்கிலும் அண்ணத்திலும் புண் வந்திருக்கிறது. விழுங்க முடியாதவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை சோலெட்ரோனிக் அமிலத்தை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியும் இருக்கிறது. மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான், எலும்பை அரிக்கும் செல்களைக் கட்டிப்போடுவது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் முறியாமல் காப்பதில் இவை உண்மையாகவே பலனளிக்கின்றன.

ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு அதே செல்கள் வேண்டும். காயம்பட்ட எலும்பை அவை அரித்து எடுத்தால்தான் புதிய எலும்பு கட்டப்படும். மற்ற எலும்புகளெல்லாம் தசைக்கும் தோலுக்கும் உள்ளே பத்திரமாக இருக்க, தாடையெலும்புக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழும் வாய்க்கும் நடுவே மெல்லிய ஈறு மட்டும்தான் இருக்கிறது. எனவே இந்த மருந்துகளை எடுப்பவர்களில் மிகச் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் மூடாமல், எலும்பு வெளியே தெரிந்து, அந்தப் பகுதி செத்துப்போகிறது. எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு மூடாமல் தெரிந்தால் இந்தக் கோளாறு என்று வரையறுத்திருக்கிறார்கள். அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 2003இல் இத்தகைய 36 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது.

தாடை செத்துப்போவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசிய தீக்குச்சி செய்த தொழிலாளர்களுக்கு இதே போலத் தாடை அழுகியது. 1888இல் லண்டனில் வேலைநிறுத்தம் செய்த தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் குறைகளில் அதுவும் ஒன்று. 1906இல் பெர்னில் செய்த ஒப்பந்தத்தில் பல நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன, இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. தீப்பெட்டி என்றால் நமக்குச் சிவகாசிதான் நினைவுக்கு வரும். அங்கே அந்தத் தொழில் காலூன்றியது இந்தத் தடைக்குப் பிறகு 1920களில் என்பதை எண்ணி நான் ஆறுதல் கொள்வதுண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் எலும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக அளவையும் சொல்லிவிடுகிறேன். எலும்புப்புரைக்காக வார மாத்திரை சாப்பிடுகிறவர்களில் இந்தத் தாடைக் கோளாறு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் இதே வகை மருந்தைப் பெரிய அளவில், மாதந்தோறும் ஏற்றிக்கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். அவர்களிலும் அது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழேதான். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுவதோடு ஒப்பிட்டால் எலும்பு மருந்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. என்னுடைய ஆதங்கம் எல்லாம் வரிசையைப் பற்றியது. மருந்து தொடங்குவதற்கு முன்பே பல்லைப் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, காரையை எடுத்து, பல்செட் உரசும் இடத்தைச் சரிசெய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தொடங்கிய பிறகும் கிளீனிங், சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை (ரூட் கேனால்) எதற்கும் தடையில்லை. பிடுங்குவதற்குப் பதில் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று பல் மருத்துவர் யோசிப்பார். ஆனால் அப்படி யோசிக்க, மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இங்கேதான் சிக்கல். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்ற கேள்விக்குத் தயாராகப் பதில் வைத்திருக்கும் நம் பெண்கள், வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையை மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. வருடம் ஒரு முறை ஏற்றும் மருந்தைப் பற்றியோ, "போன வருஷம் குளுக்கோஸ் மாதிரி ஒண்ணு ஏத்துனாங்க" என்பதோடு சரி. ஒருநாள் காலடிப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, மறுநாள் கடைவாய்ப் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி, அதற்கு எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக் சீட்டை நீட்டினார். கூடவே, "அந்த நாலு மாத்திரை அட்டையும் முடிஞ்சு போச்சு, அதையும் குடும்மா" என்றார். அந்த அட்டையைப் பற்றிப் பல் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "அது முதுகுக்குல்ல, பல்லுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்டார். சீட்டில் இருந்த எண்ணுக்கு நான் பேசினேன். மருத்துவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறார் என்றதும் பிடுங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு எலும்பு மருத்துவரோடு பேசுவதாகச் சொன்னார். பிறகு அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்தது. இப்போதெல்லாம் நான்கு மாத்திரை அட்டை வாங்குகிறவர்களின் கவரில், "பல் டாக்டரிடம் காட்டவும்" என்று நானே எழுதித் தந்துவிடுகிறேன்.

பல் பிடுங்குவதற்குச் சில நாள் முன்பு மாத்திரையை நாமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதும் சரியல்ல. அலென்ட்ரோனேட் வகை மருந்துகள் எலும்பிலேயே படிந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதால் நாலு நாள் நிறுத்துவதில் பயனில்லை. டெனோசுமாப் அப்படித் தங்குவதில்லை. அதை நிறுத்தினாலோ அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டாலோ, காத்து வைத்த எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரக்கூடும். ஆகவே ஊசி போடுகிறவர்கள், எந்த மாதத்தில் பல்லில் கைவைப்பது என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்யும்படி விட வேண்டும்.

ஸ்டீராய்டைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறையும். இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். புகையிலை ஈறுக்கும் எலும்புக்கும் சேர்த்தே கெடுதல் செய்கிறது. அதிலும் புகைப்பவர்களின் ஈறில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், நோய் முற்றினாலும் ரத்தம் கசியாமல், நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். வெற்றிலையோடு சுண்ணாம்பு போடுவதால் கால்சியம் சேருகிறது என்று பாக்குக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. பாக்கு வாயின் உட்பகுதியை நார்நாராக இறுக்கி வாயைத் திறக்கவிடாமல் செய்வதும், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருப்பதும் தெரிந்த பிறகு, அந்த வாதத்தில் எனக்குப் பொறுமை இல்லை.

கால்சியம் வேண்டும் என்றால் அதற்கு வட சென்னையில் பஞ்சமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவிலில் ஊற்றும் கூழை மற்ற பதினொரு மாதங்களில் யாரும் சீந்துவதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியிலும் அகத்திக்கீரையிலும் கால்சியம் தாராளம். ஆனால் நெத்திலியை முள்ளோடு தின்னப் பல் வேண்டும். பல் போனவர்கள் மெல்ல மெல்ல ரசம் சாதத்துக்கும் பன்னு டீக்கும் ஒதுங்கிவிடுகிறார்கள், புரதமும் கால்சியமும் குறைகின்றன, தசை தளர்கிறது, கால் தடுமாறுகிறது, விழுந்தால் எலும்பு முறிகிறது. பல்லில் தொடங்கியது இடுப்பில் வந்து முடிகிறது. வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியமும் உடம்பில் ஒட்டாது. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில், வீட்டுக்குள்ளேயே வேலையாக இருப்பதாலும் உடம்பை முழுக்க மூடும் உடையாலும் பலருக்கு அது குறைவாகவே இருக்கிறது.

தனியார் மருத்துவச் செலவை எண்ணித் தயங்குகிறவர்களுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஏறிக் கடற்கரையில் இறங்கி, அங்கிருந்து தாம்பரம் வண்டி பிடித்தால் அடுத்த நிலையமே கோட்டை. கிளீனிங், ஓபிஜி, வேர் சிகிச்சை, பல்செட் எல்லாம் அங்கே உண்டு. கூட்டம் இருக்கும் என்பதால் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், தீர்ந்துபோன காலி அட்டையாக இருந்தாலும், ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசியோ டிரிப்போ ஏற்றியிருந்தால் அது எந்த மாதம் என்பதையும் ஒரு தாளில் குறித்து அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.